தட்டைக் கோடு: மில்டன் கீன்ஸ் மரணமும் கேப்னோகிராஃப் கருவியும்

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், குடல்வால் நோய்க்காக அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட 61 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். மயக்கம் கொடுக்கப்பட்டபின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டிய சுவாசக் குழல் உணவுக்குழாய்க்குள் போய்விட்டது. அது அங்கே இருப்பது உரிய நேரத்தில் உணரப்படவில்லை. நுரையீரலுக்குச் சேர வேண்டிய ஆக்ஸிஜன் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்க, உடலில் ஆக்ஸிஜன் கடுமையாகக் குறைந்து இதயம் நின்றது. மரணத்தை விசாரித்த மில்டன் கீன்ஸ் மூத்த மரண விசாரணை அதிகாரி டாம் ஆஸ்போர்ன், இத்தகைய மரணம் மீண்டும் நிகழாமல் தடுப்பதற்கான அறிக்கை ஒன்றை 2021 செப்டம்பரில் வெளியிட்டார். பிரிட்டனின் மயக்கவியல் அமைப்புகளை உலுக்கிய அறிக்கை அது. அது சுட்டிய தவறு புதியதல்ல. அதைக் கண்டுபிடிப்பதற்கான கருவி வழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன என்பதுதான் உறுத்தியது.

குழல் உணவுக்குழாய்க்குள் போவது தன்னளவில் பெரிய குற்றமல்ல. குரல்வளையின் வாயிலும் உணவுக்குழாயின் வாயிலும் முன்னும் பின்னுமாக ஒட்டியே இருக்கின்றன. நாக்கின் அடிப்பகுதியை, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிஞ்சோஸ்கோப்பால் தூக்கிப் பார்க்கும்போது குரல்நாண்கள் சிலருக்குத் தெளிவாகத் தெரியும். கழுத்து அசையாதவர்களுக்கும், பருமனானவர்களுக்கும், வாயில் இரத்தமோ வாந்தியோ தேங்கியவர்களுக்கும் பாதிதான் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அனுபவமுள்ள கைகளுக்கும் குழல் தவறும். தவறிய குழல் ஒரு நிமிடத்துக்குள் உருவப்பட்டு, முகமூடி வழியாக ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டால், நோயாளிக்கு அது நிகழ்ந்த சுவடுகூட இராது. ஆகவே இந்த நிகழ்வில் ஆராய வேண்டியது குழல் தவறிய கணத்தை அல்ல. தவறியதற்கும் தவறு உணரப்படுவதற்கும் இடையிலான நிமிடங்களை. அந்த நிமிடங்களைச் சில விநாடிகளாகச் சுருக்குவதற்கென்றே உள்ள கருவி கேப்னோகிராஃப். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை மூச்சுக்கு மூச்சு அளந்து, திரையில் அலையாக வரைந்து காட்டுவது அதன் வேலை.

கருவி எதை அளக்கிறது

கரியமில வாயு நுரையீரலில் உற்பத்தியாவதில்லை. உடலின் ஒவ்வொரு உயிரணுவும் அதை உண்டாக்குகிறது. இரத்தம் அதைச் சுமந்து நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது. மூச்சு அதை வெளியே தள்ளுகிறது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. உள்ளிழுக்கும் காற்றில் அது 0.04 சதவீதம்தான்; வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியில் அதுவே 5 சதவீதத்தை எட்டுகிறது. நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடுதான் கேப்னோகிராஃபின் பலம். திரையில் ஒழுங்கான அலை ஒன்று தொடர்ந்து எழுந்தால், உயிரணுக்கள் வேலை செய்கின்றன, இரத்தம் ஓடுகிறது, நுரையீரலுக்கும் குழலுக்கும் இடையே வழி திறந்திருக்கிறது என்ற மூன்று செய்திகளும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. வயிற்றிலிருந்து அத்தகைய அலை தொடர்ந்து எழ வழியில்லை.

அளக்கும் முறை ஒளியைச் சார்ந்தது. கரியமில வாயு ஏறக்குறைய 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை 1859இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் ஜான் டிண்டல். பூமியின் வளிமண்டலம் சூடேறுவதை விளக்கும் அதே இயற்பியல்தான் அறுவை அரங்கின் மானிட்டருக்குள்ளும் இருக்கிறது. 1943இல் ஜெர்மனியில் கார்ல் லுஃப்ட் அகச்சிவப்பு உறிஞ்சுதலைக் கொண்டு வாயுக்களைத் தொடர்ச்சியாக அளக்கும் கருவியை விவரித்தார். அந்தக் காலத்துக் கருவிகள் பெரியவை, விலை உயர்ந்தவை, ஆய்வுக்கூடத்துக்கே உரியவை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் பாப் ஸ்மால்ஹௌட் போன்ற மயக்கவியல் மருத்துவர்கள் அவற்றை நோயாளியின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1970களின் இறுதியிலேயே அந்த நாடு மயக்க மருத்துவத்தில் கேப்னோகிராஃபை வழக்கமாக்கிக்கொண்டது.

இன்று பெரும்பாலான அரங்குகளில் இருப்பது பக்கவாட்டு உறிஞ்சல் வகை. சுவாசக் குழல், மயக்க இயந்திரத்தின் மூச்சுக் குழாய்களோடு இணையும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய நெகிழிக் குழாய், நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லிலிட்டர் வரை வாயுவை மானிட்டருக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். வாயு அவ்வளவு தூரம் பயணம் செய்வதால் அலை ஓரிரு விநாடி தாமதமாகத் திரைக்கு வரும். மற்றொரு வகையில் உணரி நேரடியாகக் குழலின் முனையிலேயே பொருத்தப்படுகிறது. தாமதம் இல்லை, ஆனால் குழலின் மேல் பாரம் கூடுகிறது. முதல் வகையின் சின்னச் சின்னத் தொல்லைகளை அரங்கில் வேலை செய்பவர்கள் நன்கு அறிவார்கள்: மூச்சின் ஈரம் குளிர்ந்து நீராகி மெல்லிய குழாயை அடைக்கும், நீர் சேரும் கிண்ணம் நிரம்பிவிடும், குழாய் மடங்கும், முனை கழன்றுவிடும். இவற்றை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழுதாகும் வாய்ப்பு உள்ள கருவி நேராக ஒரு கோட்டைக் காட்டும்போது, 'கருவியில்தான் ஏதோ கோளாறு' என்று எண்ணத் தூண்டும் சலுகையை இந்தத் தொல்லைகளே மனத்துக்குக் கொடுக்கின்றன.

அலையின் வடிவம் பழகிய கண்ணுக்கு நிறையச் சொல்லும். மூச்சை விடத் தொடங்கும்போது, வாயு பரிமாற்றம் நிகழாத குழாய்ப் பகுதிகளின் காற்று முதலில் வருவதால் கோடு அடியிலேயே ஓடும். பிறகு செங்குத்தாக எழும். நுண்காற்றறைகளின் வாயு வரும்போது மேட்டுநிலம்போல் நிலைக்கும். அடுத்த மூச்சு உள்ளே போனதும் சட்டென்று அடிக்கு இறங்கும். மேட்டுநிலத்தின் கடைசிப் புள்ளியே மானிட்டரில் எண்ணாகத் தெரிவது. வழக்கமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவு. ஆஸ்துமாவில் அந்த மேட்டுநிலம் சுறாமீனின் துடுப்புபோல் சாய்ந்து நிற்கும். குழல் தன் இடத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கோ இந்த நுட்பங்கள் எதுவும் வேண்டியதில்லை. அலை இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.

மற்ற அடையாளங்கள் ஏன் ஏமாற்றுகின்றன

இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்ற கேள்வி எழலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியைச் சில நிமிடங்கள் தூய ஆக்ஸிஜனை மூச்சிழுக்கச் செய்வது வழக்கம். சாதாரணமாக மூச்சுவிட்ட பின்னும் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். அதன் நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தை ஆக்ஸிஜன் நிரப்பிவிட்டால், நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் செலவழிக்கும் உடல், ஒரு மூச்சும் உள்ளே போகாமலேயே பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். நலமான ஒருவருக்கு எட்டு நிமிடம்வரைகூட விரல் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். காய்ச்சலும் தொற்றும் உள்ளவருக்கும், கருவுற்றவருக்கும், பருமனானவருக்கும், குழந்தைக்கும் அந்த அவகாசம் மிகவும் குறைவு. நோயாளியைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஆக்ஸிஜனே தவறை மறைக்கும் திரையாகவும் ஆகிறது. எண் சரியத் தொடங்கும்போது சேமிப்பு தீர்ந்திருக்கும். அதன்பின் சரிவு மிக விரைவாக இருக்கும். அதோடு, எண் சரிவது குழல் போட்ட கணத்திலிருந்து பல நிமிடங்கள் தள்ளி நிகழ்வதால், இரண்டையும் காரண காரியமாக இணைக்க மனம் தவறிவிடுகிறது. இடையில் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியோ, தசைத்தளர்வு மருந்தோ, ஒவ்வாமையோ, மூச்சுக்குழல் சுருக்கமோ அருகில் இருக்கும் குற்றவாளியாகத் தெரிகிறது.

ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டால் தெரியாதா? தெரியாமல் போகலாம் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. மயக்க மருத்துவம் தொடர்பாக இழப்பீடு கேட்டுத் தொடுக்கப்பட்டு முடிவுக்கு வந்த வழக்குகளின் கோப்புகளை அமெரிக்க மயக்கவியல் சங்கம் திரட்டி ஆராய்ந்தது. 1990இல் வெளியான பகுப்பாய்வில் இருந்த 1541 வழக்குகளில் 34 சதவீதம் சுவாசம் சார்ந்தவை. அவற்றில் 18 சதவீதம் உணவுக்குழாய்க்குள் குழல் போனவை. அந்த வழக்குகளில் ஏறத்தாழப் பாதியில், மார்பில் மூச்சொலி கேட்டதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது. மிகப் பெரும்பாலானவற்றில் தவறு தெரியவர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயிற்றுக்குள் காற்று போகும் ஓசை மார்புச் சுவர் வழியாகக் கடத்தப்பட்டு மூச்சொலிபோலவே காதில் விழும். வயிறு உப்பி உதரவிதானத்தைத் தள்ளும்போது மார்பும் ஏறி இறங்கும். உணவுக்குழாயிலிருந்து திரும்பி வரும் ஈரக் காற்று குழலின் உட்புறத்தில் ஆவிபடரச் செய்யும். மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கும் கைக்குச் சில வேளைகளில் வேறுபாடே தெரியாது. ஒவ்வொரு அடையாளமும் தனித்தனியே பொய் சொல்லக்கூடியது. எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும்போது அது உண்மையைவிட உறுதியாகத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியில்தான் 1986 முக்கியமான ஆண்டாகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகள் மயக்கத்தின்போது கட்டாயமாகக் கண்காணிக்க வேண்டியவற்றை வரையறுத்து வெளியிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மயக்கவியல் சங்கம் நாடு தழுவிய தர விதிகளை ஏற்றது. குழலின் இடத்தை வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டும் என்பது சில ஆண்டுகளில் அந்த விதிகளுக்குள் கட்டாயமாக இடம்பெற்றது. வளர்ந்த நாடுகளின் அறுவை அரங்குகளில் கேப்னோகிராஃப் இல்லாமல் மயக்கம் கொடுப்பது நினைத்துப் பார்க்க முடியாததாக ஆனது. அதன்பிறகும் மரணங்கள் முற்றாக ஒழியவில்லை.

கோட்டுக்குக் கற்பிக்கப்பட்ட காரணங்கள்

பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியும் கடின மூச்சுவழிச் சங்கமும் சேர்ந்து நடத்திய நான்காவது தேசியத் தணிக்கை, 2008 செப்டம்பர் முதல் 2009 ஆகஸ்டு வரையிலான ஓராண்டில் நாட்டின் 309 அரசு மருத்துவமனைகளில் மூச்சுவழியைச் சார்ந்து நேர்ந்த கடுமையான விபரீதங்களைத் திரட்டியது. வந்து சேர்ந்தவை 184. அறிக்கை 2011இல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு, வென்டிலேட்டரில் இருந்த நோயாளிக்குக் கேப்னோகிராஃப் பயன்படுத்தப்படாதது பங்களித்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. பலராலும் எடுத்துக்காட்டப்படும் கண்டறிதல் இது. என் பார்வையில் அதைவிடக் கவலை தருவது அதே அறிக்கை பேசிய இன்னொன்று: கருவி இருந்தது, இயங்கியது, கோடும் தட்டையாகவே ஓடியது, ஆனால் பார்த்தவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டார்கள். இதயம் நின்றுவிட்டதால் அலை வரவில்லை என்றோ, மூச்சுக்குழல்கள் இறுக மூடிக்கொண்டதால் வரவில்லை என்றோ எண்ணினார்கள். கருவி இல்லாத குறையைப் பணத்தால் தீர்க்கலாம். கருவி சொன்னதை நம்பாத குறைக்கு அது போதாது.

இதயம் நின்றால் கோடு தட்டையாகும் என்ற எண்ணம் முதல் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். இரத்த ஓட்டம் இல்லையென்றால் கரியமில வாயு எப்படி நுரையீரலுக்கு வரும்? ஆனால் இதயம் நின்றவருக்கு மார்பு அழுத்தம் கொடுக்கப்படுகிறது. ஒழுங்காகக் கொடுக்கப்படும் அழுத்தம் வழக்கமான இரத்த ஓட்டத்தில் ஒரு பகுதியையேனும் உண்டாக்கும். அந்தப் பகுதி சுமந்து வரும் வாயு குழல் வழியாக வெளியேறும். அலை குட்டையாக இருக்கும், ஆனால் இருக்கும். சொல்லப்போனால், உயிர்மீட்பு முயற்சியின்போது அழுத்தத்தின் தரத்தை மதிப்பிடுவதற்கே இந்த அலையின் உயரம் பயன்படுத்தப்படுகிறது; இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதைத் திடீரென உயரும் அலை, நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மார்பு அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது கோடு முற்றிலும் தட்டையாக ஓடினால், அதற்கு இதயம் நின்றதைக் காரணம் காட்டுவது தலைகீழான வாதம். பெரும்பாலும் இதயம் நின்றதற்கே காரணம் அந்தக் கோடு சொல்லும் சேதிதான்.

இதை அமைதியாக உட்கார்ந்து படிக்கும்போது எளிதாகப் புரிகிறது. அறுவை அரங்கில் அந்த நிமிடங்கள் அப்படி இருப்பதில்லை. குழலைச் செலுத்தியவர், அது குரல்நாண்களுக்கு இடையே நுழைந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக நம்புகிறார். அல்லது அதற்கு மிக அருகில் நுழைந்ததைப் பார்த்துவிட்டு, பார்த்ததன் மிச்சத்தை நம்பிக்கையால் நிரப்பிக்கொள்கிறார். அடுத்து நாடி குறைகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது, எச்சரிக்கை ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன, உதவிக்கு ஓடிவருபவர்களிடம் 'ட்யூப் உள்ளே இருக்கிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது' என்று சொல்லப்படுகிறது. வந்தவர்கள் அந்த வாக்கியத்தைத் தொடக்கப் புள்ளியாக ஏற்றுக்கொண்டு மேலே யோசிக்கிறார்கள். அதற்குப் பின்னால் போய்ச் சோதிப்பதில்லை. ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலி எழுப்பும், ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுதியும் இறங்கும். ஆகையால் திரையைப் பார்க்காதவர் காதுக்கும் அது எட்டுகிறது. கேப்னோகிராஃபின் அலை ஓசையில்லாமல் ஓடுகிறது, அது நின்றபின் எழும் எச்சரிக்கை மற்ற எச்சரிக்கைகளின் கும்பலில் கரைந்துபோகிறது. கருவிகளை வடிவமைத்தவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி இன்னும் சற்று யோசித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மில்டன் கீன்ஸ் அறிக்கைக்குப் பிறகு நடந்த விவாதங்களும், குழுவாக வேலை செய்யும்போது மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எப்போது பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதையே மையமாகக் கொண்டன.

ராயல் கல்லூரி இதற்காக ஏற்கெனவே ஓர் எளிய முழக்கத்தைப் பரப்பிவந்தது. அதைத் தமிழில் 'அலை இல்லையேல் குழல் இடத்தில் இல்லை' என்று சொல்லலாம். கண்டிப்பாக எடுத்துக்கொண்டால் அது முழு உண்மை அல்ல. அலை இல்லாமல் போவதற்கு மடங்கிய குழாய், கழன்ற இணைப்பு, அடைப்பு, மிகக் கடுமையான மூச்சுக்குழல் சுருக்கம் எனச் சில காரணங்கள் உண்டு. ஆனால் அவசர நேரத்தில் எந்த எண்ணத்தை முதலில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு அது சரியான விடை. கருவி பழுதாக இருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க நுட்பமான சோதனை எதுவும் தேவையில்லை. மயக்கம் கொடுப்பதற்கு முன் முகமூடியில் நோயாளி தானாக மூச்சுவிடும்போதே திரையில் அலை வருகிறதா என்று பார்த்துவிட்டால், கருவி வேலை செய்கிறது என்பது அந்த நோயாளியின் மூச்சாலேயே உறுதியாகிவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்கு முன் அலை இருந்தது, இப்போது இல்லை, இடையில் மாறியது குழல் ஒன்றுதான். அதன்பிறகும் ஐயம் இருந்தால், குழாயின் முனையைக் கழற்றி அருகில் நிற்பவர் தம் மூச்சை அதில் ஊதிப் பார்க்கலாம். சில விநாடிகளில் விடை வரும்.

ஏழு மூச்சுகள்

மில்டன் கீன்ஸ் நிகழ்வு நினைவில் ஆறாமல் இருந்தபோது, 2022இல், பல நாடுகளின் மூச்சுவழி வல்லுநர்கள் சேர்ந்து, கவனிக்கப்படாமல் போகும் உணவுக்குழாய்க் குழலைத் தடுப்பதற்கான ஒருமித்த வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். அதன் மையக் கருத்து 'நீடித்து வெளிவரும் கரியமில வாயு'. அலை வந்தது என்றால் மட்டும் போதாது. மூச்சை விடும்போது உயர்ந்து, உள்ளிழுக்கும்போது தாழ வேண்டும். குறைந்தது ஏழு மூச்சுகளுக்கு அதன் உயரம் மாறாமலோ கூடிக்கொண்டோ இருக்க வேண்டும். உச்சம் அடிக்கோட்டைவிட 7.5 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டும். நோயாளியின் நிலைக்குப் பொருந்தும் அளவாகவும் இருக்க வேண்டும். ஏழு என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. முகமூடி வழியாகப் பை அமுக்கும்போது நோயாளி வெளிவிட்ட வாயுவில் கொஞ்சம் வயிற்றுக்குள் போயிருக்கலாம். சோடா கலந்த பானம் குடித்திருந்தால் வயிற்றிலேயே கரியமில வாயு இருக்கும். அப்போது உணவுக்குழாயில் இருக்கும் குழலும் முதல் சில மூச்சுகளுக்கு அலையைக் காட்டும். ஆனால் வயிற்றிலிருக்கும் வாயு கழுவப்பட்டுப் போகப்போக அலை படிப்படியாகக் குட்டையாகிப் பிறகு மறைந்துவிடும். முதல் இரண்டு அலைகளைப் பார்த்து நிம்மதியடைந்து திரும்பிக்கொண்டவர் ஏமாறுவார். ஏழு வரை எண்ணியவர் ஏமாற மாட்டார். கரியமில வாயு பட்டால் நிறம் மாறும் அட்டை வகைக் கருவியைவிட அலை காட்டும் கருவி மேலானதாகக் கருதப்படுவதற்கும் இந்தத் தேய்வைக் கண்ணால் தொடர முடிவதே காரணம்.

அந்த வரையறை நிறைவேறாவிட்டால் செய்ய வேண்டியது குழலை உருவுவது. குழலை உருவுவதே ஆபத்தாக அமையக்கூடிய அரிதான நிலைகளில், மீண்டும் லாரிஞ்சோஸ்கோப்பால் பார்ப்பது, வளையும் பிராங்கோஸ்கோப்பைக் குழலுக்குள் செலுத்தி மூச்சுக்குழாயின் வளையங்களைப் பார்ப்பது, அல்ட்ராசவுண்ட் போன்ற வழிகளில் உடனடியாக உறுதிசெய்துகொள்ளலாம். ஸ்டெதாஸ்கோப்பையோ மார்பின் அசைவையோ சான்றாகக் கொண்டு குழலை விட்டுவைக்கக் கூடாது. கைக்கு எட்டும் இடங்களில் வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பை வழக்கமாகப் பயன்படுத்தவும் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதன் நன்மை தெளிவான காட்சி மட்டும் அல்ல. குழல் எங்கே நுழைகிறது என்பதை ஒருவர் கண் மட்டும் பார்த்த நிலை மாறி, உடனிருக்கும் எல்லோரும் திரையில் பார்க்கிறார்கள். ஒருவருடைய நம்பிக்கையாக இருந்தது பலரும் சரிபார்க்கக்கூடிய செய்தியாக மாறுகிறது.

அறுவை அரங்குக்கு வெளியே இந்தக் கருவியின் தேவை இன்னும் கூடுதல். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும், ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோகும்போதும், ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்கும்போதும் சரியாகப் போடப்பட்ட குழலும் நழுவும். பிரிட்டனில் 2011க்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொடர்ச்சியான கேப்னோகிராஃப் கண்காணிப்பு பரவியதற்கு அந்தத் தணிக்கை அறிக்கை பெரிய தூண்டுதல்.

இந்தியாவில் கடின மூச்சுவழிக்கான அகில இந்தியச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் குழலின் இடத்தைக் கேப்னோகிராஃபால் உறுதிசெய்வதை வலியுறுத்துகின்றன. நடைமுறையில் இடையூறு ஒன்று உண்டு. இங்கே வாங்கப்படும் பல மானிட்டர்களில் ஈசிஜி, இரத்த அழுத்தம், ஆக்ஸிமீட்டர் ஆகியவை சேர்ந்தே வர, கரியமில வாயு அளவி தனி மாட்யூலாக, தனி விலைக்கு வருகிறது. விலைப்புள்ளியைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது அதுவாக இருக்க வாய்ப்புண்டு. மாட்யூல் இருந்தாலும், உறிஞ்சு குழாயும் நீர்க் கிண்ணமும் அவ்வப்போது மாற்றப்பட வேண்டியவை. அவற்றின் இருப்பு தீர்ந்துபோன அரங்கில் விலையுயர்ந்த மானிட்டரும் அலையைக் காட்டாது. அதைவிட மோசம், அடைபட்ட குழாய்களால் அடிக்கடி தட்டைக் கோடு வந்து பழகிப்போன அரங்கில், உண்மையாகவே குழல் தவறிய நாளில் வரும் கோட்டையும் யாரும் பொருட்படுத்தாமல் போகலாம். மலிவான உதிரிப் பொருள் ஒன்றில் மிச்சம் பிடிப்பது கருவியின் மேல் உள்ள நம்பிக்கையையே தேய்த்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் இன்னொரு சிறு விதி இருக்கிறது. செலவே இல்லாதது, ஆனால் நம் ஊர் அரங்குகளில் செயல்படுத்துவதற்கு எல்லாவற்றையும்விடக் கடினமானது என்று நான் எண்ணுவது. குழலைப் போட்டபின், போட்டவரும் உதவியாளரும் தனித்தனியே திரையைப் பார்த்து, அலை நீடித்து வருகிறதா, ஆக்ஸிஜன் போதிய அளவில் இருக்கிறதா என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழலைப் போட்டவர் மூத்த மருத்துவராகவும், உதவிக்கு நிற்பவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன செவிலியராகவோ அரங்கத் தொழில்நுட்பராகவோ இருக்கும்போது, 'ட்யூப் உள்ளே போகவில்லை' என்று இளையவர் சொல்வது எதிர்த்துப் பேசுவதாகவே கேட்கும். ஆகவே சொல்ல மாட்டார். வாய்விட்டுச் சொல்வது ஒவ்வொரு நோயாளிக்கும், எல்லாம் நன்றாகப் போகும் நாளிலும் செய்யப்படும் வழக்கமாகிவிட்டால், 'சார், கிராஃப் வரல' என்று அவர் சொல்வதில் யாருடைய கைத்திறன்மீதும் குற்றச்சாட்டு இல்லை. திரையில் தெரிவதைப் படித்துச் சொல்வது அன்று அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை.